சீட்டு யாருக்கு உரியது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் நின்று பேசுவோர் இலக்கியச் சுவை பற்றியோ மொழியின் தொன்மை பற்றியோ பேசுதல் நம் சங்கத்தின் வழக்கம். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ நுழைவுச் சீட்டு. இசை, நாடகம், திரைப்படம், கிரிக்கெட் ஆகிய இவற்றுக்கு நாம் விலை கொடுத்து வாங்குகின்றோமே, அந்தச் சீட்டு. இஃது ஒரு விழாவில் பேசத்தக்க பொருளா என்று சிலர் ஐயுறலாம். நம் காலனியில் வாழும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ஒரு பெரு நிகழ்ச்சிக்குச் செல்ல ஆசைப்பட்டு, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துச் சீட்டு வாங்குகின்றன. அப்பணம் வீணாகும்போது உண்டாகும் வருத்தமும், அவ்வருத்தத்தை எங்குச் சொல்வது என்று அறியாத திகைப்பும் சிறியன அல்ல. ஆதலின் இப்பொருளைத் துணிந்து எடுத்துக்கொண்டோம். நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தர் பணியாற்றுவதால், சீட்டு என்னும் பொருளோடும் அதன் விதிகளோடும் நாள்தோறும் பழகி வருகின்றோம். அவ்வளவே நமக்குரிய தகுதி.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். சீட்டு ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்வது மூவகைப்படும். நாம் செல்ல இயலாதபோது தம்பிக்கோ தங்கைக்கோ நண்பருக்கோ விலையின்றிக் கொடுத்தல் முதல் வகை. வாங்கிய விலைக்கே பிறருக்கு விற்று இழப்பைத் தவிர்த்துக் கொள்ளுதல் இரண்டாம் வகை. ஆதாயம் கருதிப் பல சீட்டுகளை முன்னரே வளைத்து, பின்னர்ப் பன்மடங்கு விலைக்கு விற்றல் மூன்றாம் வகை. இதனையே ‘பிளாக்கில் விற்பது’ என்று எல்லோரும் சொல்லுகின்றோம். மூன்றாம் வகையைத் தடுக்கப் போகின்றோம் என்று சொல்லி முதல் இரண்டு வகைகளையும் சேர்த்து அடைத்துவிடும் போக்கு இன்று மிகுந்துள்ளது. களையைப் பறிக்கப் புகுந்தவர் பயிரையும் சேர்த்துப் பறித்த கதையாக இது முடிகின்றது.

சென்னையில் நிகழ்ந்ததைக் காண்போம். இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அவர்களின் ‘மறக்குமா நெஞ்சம்’ என்னும் இசை நிகழ்ச்சி 2023 ஆகஸ்டு 12 அன்று நடைபெறுவதாக இருந்து, மழையின் காரணமாகத் தள்ளி வைக்கப்பட்டது. பின்னர்ச் செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர்ப் பகுதியில் நடைபெற்றது. அன்று சீட்டு வைத்திருந்த பலர் நெரிசலில் சிக்கி, உள்ளே நுழையவே முடியாமல் வீடு திரும்பினர். குழந்தைகளோடு வந்த பெண்கள் பட்ட அல்லலை நாளேடுகள் விரிவாக எழுதின. உள்ளே செல்ல இயலாதோர் தம் சீட்டின் படியை அனுப்புமாறு ரகுமான் அவர்களே வேண்டிக்கொண்டார். பணமும் திருப்பித் தரப்படலாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது யாது? ஆகஸ்டு மாதத்திற்கு விடுப்பு எடுத்து, பயணத்திற்கும் ஏற்பாடு செய்துகொண்ட வெளியூர்க் குடும்பம் ஒன்று, தேதி மாறியபின் செப்டம்பரில் செல்ல இயலாது போகலாம். தேதியை மாற்றியவர் நடத்துநர். அதற்குரிய இழப்பைச் சுமப்பவர் மட்டும் சீட்டு வாங்கியவராய் இருத்தல் முறையாகுமா?

அடுத்த ஆண்டில் இச்சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. கோல்ட்பிளே என்னும் ஆங்கில இசைக் குழுவினர் 2025 ஜனவரி 18, 19, 21 ஆகிய நாட்களில் நவி மும்பையில் பாடுவதற்கான சீட்டுகள் 2024 செப்டம்பர் 22 அன்று விற்பனைக்கு வந்து, விரைவில் தீர்ந்து போயின. அதன்பின் சமூக ஊடகங்களிலும் மறுவிற்பனைத் தளங்களிலும் அச்சீட்டுகள் பன்மடங்கு விலைக்குக் கூறப்பட்டன. போலிச் சீட்டுகளும் உலவின. அதே காலத்தில் தில்ஜித் தோசாஞ்ச் என்னும் பஞ்சாபிப் பாடகரின் நிகழ்ச்சிகளுக்கும் இந்நிலையே நேர்ந்தது. 2024 அக்டோபரில் அமலாக்கத் துறையினர் நடத்திய சோதனைகள் தில்லி, மும்பை, ஜெய்ப்பூர், சண்டிகர் ஆகிய நகரங்களோடு நம் பெங்களூருவையும் தொட்டன. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் ஆகியவற்றின் வழியே இவ்வணிகம் நடந்ததாக அத்துறை கூறிற்று. ஆகவே இது தொலைவூர்ச் செய்தி என்று நாம் இருந்துவிட இயலாது.

இத்தகைய கள்ள விற்பனையைத் தடுக்க நெறிமுறைகள் வகுக்குமாறு வேண்டிப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம், இது சட்டமன்றமும் அரசும் செய்ய வேண்டிய பணி என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. நம் கர்நாடக மாநிலத்தில் அரசு கருத்தைச் செலுத்தியது முதல் விலையின் மீதே. திரைப்படச் சீட்டின் விலை வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று 2025 செப்டம்பர் 12 அன்று விதி பிறப்பித்தது. அதே மாதம் 23 ஆம் நாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. முதல் விலைக்கு வரம்பு கட்டலாமா என்பது ஒரு வழக்கு. கைமாறும்போது கூறப்படும் இரண்டாம் விலையைப் பற்றியோ, கைமாற்றும் உரிமையைப் பற்றியோ அவ்விதி பேசவில்லை.

நிற்க. சீட்டைக் கைமாற்றும் உரிமை பற்றி நம் நாட்டுச் சட்டம் யாதொன்றும் கூறவில்லையோ எனின், கூறியிருக்கின்றது. அதுவும் 140 ஆண்டுகளுக்கு முன்னரே கூறியிருக்கின்றது. 1882 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கும் குடகிற்கும் மத்திய மாகாணங்களுக்குமாக முதலில் இயற்றப்பட்டது இந்திய வசதியுரிமைச் சட்டம். பிறர் நிலத்தில் நடந்து செல்லும் உரிமை, பிறர் இடத்தில் நுழைதற்குரிய அனுமதி முதலியவற்றைப் பற்றியது அது. அதன் 56 ஆம் பிரிவின் கருத்து இதுவாகும்: பொதுவாக ஓர் அனுமதியைப் பெற்றவர் அதனைப் பிறருக்கு மாற்றித் தர இயலாது, ஆனால் பொதுக் கேளிக்கை நடைபெறும் இடத்திற்குச் செல்லும் அனுமதியை, வேறு கருத்து வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அமைந்திராதவிடத்து, மாற்றித் தரலாம். நாடகக் கொட்டகைச் சீட்டு கைமாறுவது இயல்பு என்பதை அன்றைய சட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தனர்.

எனவே கைமாற்றம் இயல்பான நிலை. தடை என்பது விலக்கு. அவ்விலக்கை இன்று ஒவ்வொரு சீட்டிலும் காண்கின்றோம். ‘கைமாற்றத் தகாதது, மறுவிற்பனைக்கு உரியதன்று, பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று முப்பெரும் தடைகள் சிறிய எழுத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கைப்பேசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் கட்டத்தைத் தொட்டால் அன்றிச் சீட்டு கிட்டாது. படிக்காமலே நாம் தொடுகின்றோம். அக்கணமே 56 ஆம் பிரிவு கூறும் ‘வேறு கருத்து’ வெளிப்படையாக அமைந்துவிட்டது என்று நடத்துநர் வாதிட இடம் பிறக்கின்றது.

இங்கு நம் இருப்புப் பாதையின் முறையை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். 1989 ஆம் ஆண்டு இருப்புப் பாதைச் சட்டத்தின் 53 ஆம் பிரிவின்படி, ஒருவர் பெயருக்குக் கொடுத்த சீட்டில் அவரே பயணம் செய்தல் வேண்டும். ஒரே வண்டியில் செல்வோர் தம்முள் இருக்கையை மாற்றிக்கொள்ளுதல் மட்டும் குற்றமன்று. உரிமம் இல்லாதவர் சீட்டை விற்றாலோ, முன்பதிவுச் சீட்டைப் பிறர் பயணம் செய்யக் கொடுத்தாலோ, 142 ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சீட்டு வாங்கித் தருதலையே தொழிலாகக் கொண்ட உரிமமற்றோர்க்கு 143 ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் கூறுகின்றது. இப்பிரிவு இணையவழிச் சீட்டுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்தது. உறவினர்க்கும் நண்பர்க்கும் நம் கணக்கிலிருந்து சீட்டு எடுத்துக் கொடுத்தல் தவறன்று என்றும், அதனை வணிகமாக்குதலே குற்றம் என்றும் 2024 ஜூன் மாதம் இரயில்வே விளக்கம் தந்துள்ளது. அண்டை வீட்டார்க்கு உதவும் நம் காலனி இளைஞர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வார்களாக.

இவ்வளவு கடுமையான சட்டமும் குடும்பத்தின் இடர்ப்பாட்டை மறந்துவிடவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது. உறுதி செய்யப்பட்ட சீட்டை உடைய ஒருவர், வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்திற்கு முன் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், அதனைத் தம் தாய், தந்தை, உடன்பிறந்தார், மகன், மகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். திருமணக் குழுவிற்கும் மாணவர் குழுவிற்கும் 48 மணி நேர முன்னறிவிப்போடு, குழுவில் பத்தில் ஒரு பங்கு வரை பெயர் மாற்றம் உண்டு. இம்மாற்றம் ஒரு முறையே அனுமதிக்கப்படும். மாற்ற இயலாதவர் குறித்த காலத்துள் சீட்டை இரத்து செய்தால், ஒரு பகுதி பிடித்தம் போக எஞ்சிய பணத்தைப் பெறலாம். விற்பனையை மூடிய சட்டம், குடும்பத்திற்கு ஒரு கதவையும் பணத்திற்கு ஒரு கதவையும் திறந்தே வைத்திருக்கின்றது. நிகழ்ச்சிச் சீட்டு வணிகத்திலோ பெரும்பாலும் மூன்று கதவுகளும் மூடப்பட்டிருக்கின்றன. வேறு வழியில்லாதவர் தெரு முனைக்குச் செல்லுகின்றார். அங்கே தரகர் காத்திருக்கின்றார். கள்ளச் சந்தையை வளர்ப்பவற்றுள் இத்தடையும் ஒன்று.

நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றை, பெயர்களை நீக்கிக் கூறுகின்றோம். ஒரு குடும்பத்தார் நால்வர் இசை நிகழ்ச்சி ஒன்றிற்குச் சீட்டு வாங்கினர். நிகழ்ச்சிக்கு மூன்று நாட்கள் இருக்கையில் சோலையார்பேட்டையில் பாட்டியார் நோயுற்றமையால், தாயும் தந்தையும் ஊருக்குச் செல்ல நேர்ந்தது. சீட்டு விற்றவர்கள், பணமும் வாராது, பெயரும் மாறாது என்று கூறிவிட்டனர். மூத்த மகள் எஞ்சிய இரு சீட்டுகளையும் வாங்கிய விலைக்கே தருவதாகக் கைப்பேசிக் குழு ஒன்றில் அறிவித்தாள். நம்பிக்கை உண்டாகட்டும் என்று சீட்டின் படத்தையும் உடன் வெளியிட்டாள். படத்தில் க்யூஆர் கோடு தெளிவாகத் தெரிந்தது. விழா நாளில் அவளுடன் வாயிலுக்குச் சென்ற அவள் தோழியர் இருவரையும், ‘இச்சீட்டுகள் முன்னரே பயன்படுத்தப்பட்டுவிட்டன’ என்று கூறித் திருப்பி அனுப்பினர். அப்பெண் பேராசைப்பட்டாளில்லை, ஒரு காசும் மிகுதியாகக் கேட்டாளில்லை. முறையான வழி ஒன்று இருந்திருப்பின் அவள் அவ்வழியே சென்றிருப்பாள் அன்றோ?

இனி, நுகர்வோர் என்ற முறையில் நமக்குள்ள உரிமைகளைக் காண்போம். 1986 ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கி வந்த 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றது. அச்சட்டம் ‘சேவை’ என்னும் சொல்லுள் கேளிக்கையையும் பொழுதுபோக்கையும் வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. பணம் கொடுத்துச் சேவையைப் பெறுபவர் மட்டுமன்றி, அவர் இசைவோடு அதன் பயனைத் துய்ப்பவரும் நுகர்வோரே என்கிறது. ஆகவே தந்தை வாங்கிய சீட்டில் மகன் சென்று குறை நேர்ந்தால், மகனும் முறையிடலாம். வணிக நோக்கத்தோடு வாங்குபவர் நுகர்வோர் ஆகார். பத்துச் சீட்டு வாங்கி ஒன்பதை விற்பவருக்கு இச்சட்டத்தின் நிழல் கிடையாது. நாம் முன்னர்ப் பிரித்துக் காட்டிய மூவகையுள் மூன்றாவதை இச்சட்டமும் ஒதுக்கியே வைக்கின்றது.

மற்றொரு நுட்பமும் உண்டு. விலையின்றி அளிக்கும் சேவையை இச்சட்டம் தன் எல்லைக்குள் கொள்வதில்லை. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களில் நெரிசலில் 11 பேர் உயிரிழந்த துயரத்தை இந்நகரத்தார் எவரும் மறவார். அத்துயருக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. இலவச அனுமதி யாருக்கு, எங்கே, எப்படி என்னும் தெளிவின்மையும் அவற்றுள் ஒன்று. நுழைவுச் சீட்டு என்பது வெறும் காகிதமன்று; இத்தனை பேருக்கே இடம், இந்த வாயிலே உமக்குரியது என்று வரையறுக்கும் காப்பு அது. போலிச் சீட்டும், அளவுக்கு மீறிய சீட்டும், தெளிவற்ற இலவசச் சீட்டும் அக்காப்பைக் குலைக்கின்றன. எனவே இப்பொருள் பணத்தளவில் நிற்பதன்று; உயிரையும் தொடுவது.

ஒரு தலைப்பட்சமான நிபந்தனைகளைப் பற்றியும் 2019 ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகின்றது. நுகர்வோருக்குப் பாதகம் விளைக்கும் நியாயமற்ற நிபந்தனையைச் சுமத்தும் ஒப்பந்தம் ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ எனப்படும். அதனை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிடலாம். மாற்றவும் விடாமல், பணமும் தாராமல் இருக்கும் நிபந்தனை அவ்வகையில் சேருமா என்பதை வழக்கின் தன்மை நோக்கி ஆணையமே முடிவு செய்யும். ஆயினும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

நிகழ்ச்சி நடைபெறாமை, சீட்டிருந்தும் உள்ளே விடாமை, சொல்லிய இருக்கையைத் தாராமை ஆகிய சேவைக் குறைகளுக்கு மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை 50 இலட்சம் ரூபாய் வரையாயின் அங்கேயே முறையிடலாம்; 5 இலட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. நிகழ்ச்சி சென்னையில் நடந்தாலும், நிறுவனம் மும்பையில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் பெங்களூருவிலேயே முறையீடு தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். அதற்கு முன், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துக் குறையைப் பதிவு செய்யலாம். அங்கே 17 மொழிகளில் பேசலாம். தமிழும் கன்னடமும் அவற்றுள் அடங்கும்.

பிற நாடுகளின் நிலையையும் சிறிது நோக்குவோம். ஜப்பான் நாட்டில் 2019 ஜூன் முதல், கைமாற்றத் தடையுள்ள நிகழ்ச்சிச் சீட்டுகளை மிகை விலைக்கு விற்பதைத் தொழிலாகச் செய்தல் தண்டனைக்குரியது. அயர்லாந்து 2021 இல் இயற்றிய சட்டத்தால், குறிப்பிட்ட பெரு நிகழ்ச்சிகளின் சீட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடுத்தது. பிரிட்டன் 2015 ஆம் ஆண்டின் சட்டத்தால், மறுவிற்பனை செய்பவர் இருக்கை எண்ணையும் முதல் விலையையும் தடைகளையும் வாங்குபவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்கா 2016 இல், கணினி நிரல்களைக் கொண்டு சீட்டுகளை மொத்தமாக வளைப்பதைத் தடை செய்தது. மிகை விலை வேண்டாம், மறைப்பு வேண்டாம், மொத்தமாக வளைத்தல் வேண்டாம். இவை இச்சட்டங்கள் காட்டும் நெறிகள். வாங்கிய விலைக்குள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதை அயர்லாந்தின் சட்டம் பகையாகக் கருதவில்லை.

நம் நாட்டிற்கும் இவை ஏற்றனவே. நிகழ்ச்சி நடத்துநர்கள் இரண்டில் ஒன்றைச் செய்தல் வேண்டும். குறித்த நாளுக்கு முன் இரத்து செய்வோர்க்கு நியாயமான பிடித்தம் போகப் பணத்தைத் திருப்பித் தரலாம். அன்றேல், தம் தளத்திலேயே அச்சிட்ட விலைக்கு மறுவிற்பனை செய்ய இடமளித்து, பழைய கோடு செல்லாதாகிப் புதியவர்க்குப் புதிய கோடு கிட்டுமாறு செய்யலாம். தேதியையோ இடத்தையோ அவர்கள் மாற்றினால் முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை வாங்கியவர்க்கு இருத்தல் வேண்டும். இவற்றை நம் சங்கம் தீர்மானமாக எழுதி அரசுக்கு அனுப்புமாயின் மகிழ்வோம்.

அதுவரை நம் குடும்பங்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். சீட்டு வாங்குமுன் பெயர் மாற்றமும் பணமீட்பும் உண்டா என்று படித்தறிக. நிபந்தனைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்க. க்யூஆர் கோடு தெரியும் படத்தை எக்காரணத்தாலும் வெளியிடாதீர். அறியாதவரிடம் சீட்டு வாங்காதீர். ஒரே கோட்டைப் பத்துப் பேருக்கு விற்கலாம் என்பதை மறவாதீர். ஏமாற்றப்பட்டால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். இரசீது, குறுஞ்செய்தி, வாயிலில் எடுத்த படம் ஆகியவற்றைப் பாதுகாத்திடுக. முறையீட்டைத் தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதத் தெரியாதவர், சங்கத்தின் படிப்பகத்தில் ஞாயிறு மாலை நம்மைக் காணலாம். விண்ணப்பம் எழுதுதல் நம் அன்றாடத் தொழில். அதனைச் செய்து தருவதில் நமக்கு மகிழ்ச்சியே.